செய்யாமையும் பொறுப்பும்: திருக்குறள், புறநானூறு 74, செம்பரம்பாக்கம் ஏரி ஆகியவற்றை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தீயதைச் செய்தவர் அதற்குக் காரணம் கூறக் கடமைப்பட்டவர் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. செய்யாது விட்டவரும் காரணம் கூறக் கடமைப்பட்டவரா என்பதே அறவியலில் தீராத வினா. தமிழ் இலக்கணத்தின் எதிர்மறை வினையமைப்பு, திருக்குறளில் செய்யாமை பற்றிய இடங்கள், புறநானூற்று 74ஆம் பாட்டின் அடிக்குறிப்பு ஆகியவற்றின் துணைகொண்டு இவ்வினாவை இக்கட்டுரை அணுகுகிறது. 1837ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்ட வரைவையும் உடன் வைத்துப் பார்க்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் செம்பரம்பாக்கம் ஏரி கையாளப்பட்ட முறை பற்றி எழுந்த வழக்காடல் ஆய்வுக்களமாகக் கொள்ளப்படுகிறது. செய்யாமை என்பதனாலேயே ஒன்றுக்கு நியாயம் தேவைப்படுவதில்லை என்பதும், காவற்பொறுப்பு ஏற்றவரின் செய்யாமைக்கு நியாயம் தேவை என்பதும், அந்நியாயம் செய்யாதிருந்த காலத்திலேயே இருந்திருக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்கள்.

திறவுச் சொற்கள்: செய்யாமை, எதிர்மறை வினை, வினைமுதல், காவல், கொல்லாமை, செம்பரம்பாக்கம்

முன்னுரை

பூவிருந்தவல்லியை அடுத்த கரையான்சாவடியிலிருந்து தென்மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் செம்பரம்பாக்கம் ஏரி உள்ளது. அதன் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஆழம் 24 அடி. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளுள் ஒன்றாகிய இதன் உபரிநீர் அடையாற்றில் கலக்கிறது. 2015 டிசம்பர் 1 அன்று காலை ஆயிரம் கன அடிக்கும் குறைவாக இருந்த வெளியேற்றம் அன்று மாலைக்குள் நொடிக்கு 29,000 கன அடியாக உயர்த்தப்பட்டது. மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எனக் கரையோரப் பகுதிகள் இரவோடிரவாக நீரில் மூழ்கின. உயிர்களும் உடைமைகளும் அழிந்தன.

அதன்பின் இப்பகுதியின் தேநீர்க் கடைகளிலும் பேருந்து நிறுத்தங்களிலும் நிகழ்ந்த உரையாடல்களில் ஒரு விந்தை உண்டு. வெள்ளத்தை உண்டாக்கியது மதகைத் திறந்த செயல். மக்கள் குறை கூறியதோ திறந்ததைப் பற்றியன்று. முன்னரே திறக்காததைப் பற்றி. நிகழ்ந்த செயலைக் காட்டிலும் நிகழாத செயலே குற்றமாக எண்ணப்பட்டது. நிகழாத ஒன்று எவ்வாறு குற்றமாகும்? அதற்கு விடை சொல்ல வேண்டியவர் யார்?

மேலைநாட்டு அறவியலில் இவ்வினா பெரிதும் பேசப்பட்டது. 1967இல் பிலிப்பா ஃபுட், 1975இல் ஜேம்ஸ் ரேச்சல்ஸ் ஆகியோர் எழுதிய கட்டுரைகளில் கொல்லுதலுக்கும் சாகவிடுதலுக்கும் உள்ள வேறுபாடு அறநோக்கில் எவ்வளவு கனமுடையது என்று ஆராயப்பட்டது. 1971இன் வங்க அகதிகள் துயரை முன்னிட்டு 1972இல் எழுதிய பீட்டர் சிங்கர், குளத்தில் மூழ்கும் குழந்தையைக் கண்டும் கடந்து செல்பவனை உவமையாக்கினார். இவ்விவாதங்களின் பயனை மறுக்க இயலாது. ஆயினும் அவற்றுள் பல, முன்பின் தொடர்பற்ற இருவரைக் கற்பனையில் எதிரெதிர் நிறுத்தித் தொடங்குகின்றன. ஏரிக்கரையில் நிற்பவர் அத்தகையவர் அல்லர். அவர் அங்கே நிறுத்தப்பட்டவர். தமிழ் நூல்கள் இத்தகைய மனிதரைப் பற்றியே மிகுதியாகப் பேசியுள்ளன.

எதிர்மறை வினையும் வினைமுதலும்

முதலில் மொழியைக் காண்போம். ‘செய்யாமை’ இலக்கணத்தில் எதிர்மறைத் தொழிற்பெயர். செய்யாதிருத்தலையும் தொழிற்பெயர் என்றே தமிழிலக்கணம் வகைப்படுத்துகிறது. வினையின் எல்லைக்கு வெளியே தள்ளவில்லை. ‘செய்யான்’ என்னும் எதிர்மறை வினைமுற்றில் பகுதி உண்டு. ஆண்பால் ஒருமையைக் காட்டும் விகுதி உண்டு. இல்லாதது காலம் காட்டும் இடைநிலை. பழந்தமிழில் இச்சொல் முக்காலத்துக்கும் பொதுவாக நின்றது. ஆளைச் சுட்டும் சொல் காலத்தைச் சுட்டவில்லை.

இக்கால உரைநடையின் ‘செய்யவில்லை’ இதனின் வேறு. நான், நீ, அவர், அவை என எவ்வெழுவாயோடும் அது உருமாறாது நிற்கும். காலத்தோடு ஆளும் சொல்லிலிருந்து நீங்கிவிட்டார். எழுவாயைத் தனியே கூறினாலன்றி யார் செய்யவில்லை என்பது புலப்படாது. அலுவலக நடை இன்னும் ஓரடி முன்னே சென்று ‘நடவடிக்கை எடுக்கப்படவில்லை’, ‘தகவல் தெரிவிக்கப்படவில்லை’ என எழுதும். செயப்பாட்டு வினையும் எதிர்மறையும் இணைந்த இத்தொடரில் வினைமுதலுக்கு இடமே இல்லை. மொழி மாற்றம் எவரும் திட்டமிட்டுச் செய்ததன்று என்பது உண்மைதான். எனினும் பொறுப்பை மறைக்க விரும்புவோருக்கு இத்தொடர் பெரிதும் உதவுகிறது என்பதைக் கோப்புகளைப் படிக்கும் எவரும் அறிவர். வினை செய்பவன், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி முதலாக எட்டினைத் தொழில்முதனிலைகளாகத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் எண்ணுகிறது. ஒரு செய்யாமையை விசாரிப்பது என்பது, சொல்லில் மறைந்த வினைமுதலையும் காலத்தையும் மீட்டு நிரப்புவதே.

குறளில் செய்யாமை

திருக்குறள் அதிகாரப் பெயர்களுள் ‘ஆமை’ என எதிர்மறையில் முடிவன பல. உலகியல்பைக் கூறும் நிலையாமையையும் அகத்துறையின் பிரிவாற்றாமையையும் விலக்கினால், மனிதர் ஒன்றைச் செய்யாதிருத்தலைச் சுட்டும் பெயர்கள் பதினேழு எஞ்சும். அறத்துப்பாலில் பிறனில் விழையாமை முதல் கொல்லாமை வரை ஒன்பது. பொருட்பாலில் கல்லாமை முதல் கள்ளுண்ணாமை வரை எட்டு. இப்பதினேழனுள் பதினாறு போற்றப்படுவன. பழிக்கப்படுவது கல்லாமை ஒன்றே. ஆகவே செய்யாமை என்பதனாலேயே ஒன்றனை ஐயுறும் நிலை வள்ளுவரிடம் இல்லை. கொல்லாதவனிடம் ஏன் கொல்லவில்லை என்று எவரும் கேட்பதில்லை. களவு செய்யாதவன் காரணம் கூற வேண்டியதில்லை.

பழிக்கத்தக்க செய்யாமையைக் காணப் பொருட்பாலின் குறள்களுக்குள் செல்ல வேண்டும். செய்யத்தகாததைச் செய்வதாலும் செய்யத்தக்கதைச் செய்யாமையாலும் கேடு வரும் என்னும் 466ஆம் குறள் இதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. செயலையும் செய்யாமையையும் அது ஒரே தட்டில் நிறுத்துகிறது என்பது சரியே. ஆனால் அக்குறளை அறவியற் சான்றாகக் கையாள்வோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. அது தெரிந்துசெயல்வகை அதிகாரத்தில் அரசன் வினைமேற்செல்வதற்கு முன் எண்ண வேண்டியதைக் கூறுவது. பரிமேலழகர் உரையும் செய்யத்தக்கது, தகாதது என்பவற்றை முயற்சியின் அளவு, பயனின் அளவு ஆகியவற்றால் விளக்குகிறது; கேடு அரசனுக்கே வருவதாகக் கொள்கிறது. இது பெரும்பாலும் மதிநுட்பம் பற்றிய குறள்.

வருமுன் காவாதவனைப் பற்றிய 435ஆம் குறளுக்கும் இந்நிலை பொருந்தும். வெள்ளம் வந்த ஒவ்வொரு முறையும் மேடைகளில் அது கூறப்படுகிறது. இடம்பெறும் அதிகாரமோ குற்றங்கடிதல். வருமுன் காக்க வேண்டியது தன்னிடத்துக் குற்றத்தை. பேரிடர்த் தடுப்புக்கு அதை எடுத்தாள்வது பொருளை விரித்துக்கொள்வதே தவிர மூலப்பொருள் ஆகாது.

நம் வினாவுக்கு நேரான இடங்கள் 553ஆம், 560ஆம் குறள்கள். நாள்தோறும் ஆராய்ந்து முறைசெய்யாத மன்னவன் தன் நாட்டை நாள்தோறும் இழப்பான் என்கிறது முன்னது. செய்யாமைக்கு இலக்கணம் மறுத்த காலத்தை வள்ளுவர் இங்கே சேர்த்துவிடுகிறார்: செய்யாமை ஒரு நாள் நிகழ்வன்று, ஒவ்வொரு நாளும் புதிதாக நிகழ்வது. காவலன் காவாவிடின் ஆவின் பயன் குறையும், அந்தணர் நூல் மறப்பர் என்பது பின்னது. கேடு இங்கே அரசனை விட்டு நீங்கிப் பிறர்மேல் இறங்குகிறது. அக்குறளில் அரசனைக் குறிக்க வந்த சொல் ‘காவலன்’ என்பதை அழுத்திக் காட்ட வேண்டும். காத்தலைப் பெயராகவே கொண்டவன் காவாதிருத்தல் நடுநிலையான ஓய்வு ஆகாது.

சிறைக்காவலரும் ஆற்றங்கரைச் சேவகனும்

புறநானூற்று 74ஆம் பாட்டு சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியது. சோழன் செங்கணானோடு போரிட்டுத் தோற்றுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்தபோது அவன் தண்ணீர் கேட்டான், உடனே கிடைக்கவில்லை. பின்னர்க் கொண்டுவந்து கொடுக்கப்பட்டதைக் கையில் பெற்றும் பருகாமல் இப்பாட்டைச் சொல்லித் துஞ்சினான் என்பது பாட்டின் அடிக்குறிப்பு தரும் செய்தி. ஆய்வாளர்கள் இதை மானத்துக்குச் சான்றாகவே எடுத்துக்காட்டுவர். காவலரின் பக்கத்திலிருந்து எவரும் அதைப் படிப்பதில்லை என்பது என் கருத்து. காவலர் அவனை அடிக்கவில்லை, நஞ்சு கொடுக்கவில்லை, அடிக்குறிப்பின்படி தண்ணீரும் இறுதியில் கொடுத்தனர். அவர்கள் செய்தது தாழ்த்தியது ஒன்றே. ஆனால் சிறைப்பட்டவனுக்குத் தண்ணீருக்கு வேறு வாயில் இல்லை. எல்லா வாயில்களையும் அடைத்து ஒரு வாயிலைத் தம் கையில் வைத்துக்கொண்டவர் அதைத் திறக்காதிருப்பது, வழிப்போக்கர் ஒருவர் தண்ணீர் தராமல் போவதோடு ஒப்பதன்று.

இதே வேறுபாடு பல நூற்றாண்டுகளுக்குப் பின் வேறோரிடத்தில் எழுதப்பட்டது. மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837இல் அளித்த இந்தியத் தண்டனைச் சட்ட வரைவின் குறிப்புகளில் செய்யாமை பற்றிய பகுதி ஒன்று உண்டு. உணவு கொடாமையால் ஒருவர் இறந்தால் அது கொலையா? கொடாதவர் சிறைக்காவலராயின் கொலை. கூலி பெற்ற செவிலியாயின் கொலை. குழந்தையைப் பெற்றவராயின் கொலை. இறந்தவர் மனிதநேயம் ஒன்றைத் தவிர வேறு உரிமையில்லாத இரவலராயின் கொலையன்று. மற்றுமோர் எடுத்துக்காட்டு வெள்ளம் பற்றியது. ஆறு பெருகியிருப்பதைச் சொல்லாமையால் கடக்க முயன்ற ஒருவர் இறக்கிறார். சொல்லாதவர் வழிப்போக்கரை எச்சரிக்க அரசால் அங்கே நிறுத்தப்பட்ட சேவகராயின் அது கொலை. தொடர்பற்ற ஒருவராயின் அன்று. 1860இல் நிறைவேறிய தண்டனைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, செயலைக் குறிக்கும் சொற்கள் சட்டத்துக்கு முரணான செய்யாமையையும் தழுவும் என வகுத்தது. அக்கோட்பாடு 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கிறது.

புறநானூற்றுச் சிறைக்காவலரையும் 1837இன் சிறைக்காவலரையும் இணைப்பது வரலாற்றுத் தொடர்பன்று. பிரிட்டிஷ் சட்ட அறிஞர் புறநானூற்றைப் படித்திருக்க வழியில்லை, உ.வே. சாமிநாதையர் பதிப்பு வெளிவந்ததே 1894இல். இரண்டும் ஒரே உண்மையைத் தனித்தனியே தொட்டன என்பதே இங்குக் கூறத்தக்கது: செய்யாமையின் கனம் செய்யாதவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

கொல்லாமைக்குள் பகுத்துண்ணல்

இரவலரிடத்தில் மெக்காலேயின் குறிப்பு நின்றுவிடுகிறது. தண்டனைச் சட்டம் தீங்கு செய்யாது தடுப்பதோடு அமைய வேண்டும். நன்மை செய்யத் தூண்டுவதைப் பொதுமக்கள் கருத்துக்கும் அறவோர்க்கும் விட்டுவிட வேண்டும் என்பது அவர் நிலை. சட்டத்துக்கு இது ஏற்றதே. தெருவில் பசித்திருந்த ஒவ்வொருவர் பொருட்டும் கடந்து சென்ற ஒவ்வொருவரையும் சிறையிலடைக்கும் அரசு எவர்க்கும் வேண்டுவதன்று.

வள்ளுவர் அவ்விடத்தில் நிற்கவில்லை. பகுத்துண்டு பல உயிர்களையும் ஓம்புதலே நூலோர் தொகுத்த அறங்களுள் தலையாயது என்னும் குறள் நாம் எதிர்பார்க்கும் ஒப்புரவறிதலிலோ ஈகையிலோ இல்லை. அது கொல்லாமை அதிகாரத்தின் இரண்டாம் குறள் (322). செய்யற்க என்னும் விலக்கே பொருளாகிய அதிகாரத்தினுள் செய்க என்னும் விதி ஒன்று இடம்பெறுகிறது. கையில் உணவிருந்தும் பசித்தவர் இறக்க விடுதலைக் கொலையின் அயலில் வைத்தே வள்ளுவர் எண்ணினார் என்று இவ்வைப்புமுறையிலிருந்து கொள்ளலாம். அதைக் கொலை என்றே அவர் கூறினார் என்பது மிகை; குறள் அவ்வாறு சொல்லவில்லை. சட்டம் கேட்க இயலாத இடத்திலும் அறம் கேட்கும் என்ற அளவில் நிற்பது போதும்.

சிலப்பதிகாரம் இக்கேள்வியை ஓர் ஊர் முழுவதையும் நோக்கி எழுப்புகிறது. பாண்டியன் ஆராயாது ஆணையிட்டான் என்பது அனைவரும் அறிந்தது. ஊர்சூழ்வரியில் கண்ணகி வினவுவது அரசனை மட்டுமன்று. இவ்வூரில் பெண்டிர் உளரோ, சான்றோர் உளரோ, தெய்வம் உண்டோ என்கிறாள். கொலையில் கைகலவாத, அறிந்தும் அறியாமலும் இருந்துவிட்ட ஓர் ஊரின் செய்யாமையே அங்கு வினவப்படுகிறது. ஆயினும் தீயை ஏவும்போது முதியோர், குழந்தைகள், பத்தினிப் பெண்டிர் முதலியோரை விலக்குகிறாள். கேள்வி அனைவர்க்கும் பொது. தண்டம் அனைவர்க்கும் பொதுவன்று.

காத்திருத்தலும் தவறுதலும்: செம்பரம்பாக்கம்

மீண்டும் ஏரிக்கு வருவோம். மதகைத் திறவாமை தன்னளவில் பிழையன்று. தேக்கி வைப்பதற்கென்றே ஏரி கட்டப்பட்டது. 2019 கோடையில் இதே செம்பரம்பாக்கம் வறண்டு கிடந்ததையும் குடிநீர் லாரிக்காகக் குடங்கள் வரிசையில் நின்றதையும் கண்டவர்கள், நவம்பரில் நிரம்பிய நீரை வெளியேற்றத் தயங்கும் பொறியாளரை எளிதில் பழிக்க மாட்டார்கள். நீரை வீணாக்கினார் என்ற பழிக்கும் அவரே உரியவர். இந்த இருதலை நெருக்கடியைப் பேசாமல் 2015ஐப் பற்றித் தீர்ப்புக் கூறுவது நேர்மையாகாது.

திருக்குறள் இதற்கும் ஓர் அளவுகோல் தருகிறது. தாழ்த்திச் செய்யத்தக்கதைத் தாழ்த்துக, தாழ்த்தாது செய்ய வேண்டியதில் தாழ்த்தற்க என்பது 672ஆம் குறளின் கருத்து. கொக்கின் அசைவின்மையை 490ஆம் குறள் புகழ்கிறது. நெடுநீர்மை, மறதி, சோம்பல், உறக்கம் ஆகியவற்றைக் கெடுவார் விரும்பி ஏறும் மரக்கலம் என 605ஆம் குறள் இகழ்கிறது. புறத்தே நோக்கினால் காத்திருப்பவரும் காலம் தாழ்த்துபவரும் ஒருவர்போலவே தோன்றுவர், இருவருமே அசையவில்லை. கொக்கு எதற்காக அசையாதிருக்கிறது என்பது அப்போதே அதற்குத் தெரியும். மீன் தப்பிய பின் தேடிய காரணமன்று அது. செய்யாமைக்குக் கூறும் நியாயம் செய்யாதிருந்த காலத்திலேயே செய்யாதவரிடம் இருந்திருக்க வேண்டும் என்பதை இதிலிருந்து பெறலாம்.

2015 டிசம்பரில் அன்றைய தலைமைச் செயலாளர் வாயிலாக அரசு வெளியிட்ட விளக்கம், தாமதம் ஏதும் இல்லை என்றும் மழையின் அளவு முன்னெப்போதும் இல்லாதது என்றும் கூறியது. மழை பற்றிய கூற்றை எளிதில் ஒதுக்க இயலாது: டிசம்பர் 1–2இல் ஒரு நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பெய்தது. அடையாற்றில் ஓடியதும் இவ்வோர் ஏரியின் நீர் மட்டுமன்று. வடிநிலத்தின் பிற ஏரிகளின் உபரியும் அதில் கலந்தது. மறுபுறம், 2018 ஜூலையில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட இந்தியக் கணக்காய்வு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, நீர் வெளியேற்றம் கையாளப்பட்ட முறையையும் முன்னேற்பாட்டுக் குறைகளையும் சுட்டி, இப்பேரிடரில் மனிதர் பங்கை வெளிப்படையாகவே பேசியது.

இரண்டினுள் எது சரி என்பதைத் தமிழ்த்துறை ஆய்வு தீர்மானிக்க இயலாது. நீரியல் வல்லுநர் செய்ய வேண்டியது அது. நாம் கேட்கக்கூடியது வேறு. விளக்கம் நிகழ்வுக்குப் பின் வந்தது. நவம்பர் இறுதி நாள்களில், கனமழை முன்னறிவிப்பு இருந்தபோது, இவ்வளவு நீரை இன்ன காரணத்தால் இன்ன நாள்வரை வைத்திருப்போம் என்று பெயரும் நாளும் இட்டு எவரேனும் எழுதிவைத்த முடிவு ஒன்றைப் பொதுமக்கள் முன் வைத்திருந்தால், அதன் சரிபிழை பற்றி வாதிடலாம். அது காத்திருத்தல் என்பதை மறுக்க இயலாது. மேலிட ஆணை வரவில்லை என்ற பேச்சு அந்நாள்களில் எங்கும் நிலவியது. அப்பேச்சு உண்மையோ அன்றோ, அத்தொடரின் இலக்கணம் கவனிக்கத்தக்கது. ஆணை எழுவாய், அதை இடாதவர் எவர் என்பது தொடரில் இல்லை. கீழே நிற்பவர் மேலே உள்ளவரின் செய்யாமையையும், மேலே உள்ளவர் கீழிருந்து அறிக்கை வாராமையையும் காரணமாக்கும்போது, செய்யாமை பலர் கைகளில் பங்கிடப்பட்டு ஒவ்வொருவர் பங்கும் மிகச் சிறிதாகிவிடுகிறது.

நீரைத் திறவாமையையும் மக்களுக்குச் சொல்லாமையையும் ஒன்றாக வைத்துப் பேசுவது இவ்வழக்காடலில் நேர்ந்த பெருங்குழப்பம் எனக் கருதுகிறேன். திறவாமைக்கு எதிர்த்தட்டில் ஒரு நன்மை உண்டு: கோடையின் குடிநீர். எனவே அதற்கு நியாயம் கூறுதல் இயலும். போதுமா என எடைபோடலாம். ‘இன்றிரவு ஆறு கரைபுரளும், வீட்டை விட்டு வெளியேறுங்கள்’ என்று சைதாப்பேட்டையின் ஆற்றோரக் குடியிருப்பில் சொல்லாமைக்கு எதிர்த்தட்டில் எந்த நன்மையும் இல்லை. ஒரு சொட்டு நீரையும் இழக்காமல் செய்யக்கூடிய செயல் அது. எச்சரிக்கை விடுத்ததாக அரசு கூறியது. தம்மை எதுவும் எட்டவில்லை என்று கரையோர மக்களுள் பலர் கூறினர். இரண்டும் ஒருங்கே உண்மையாக இருத்தல் கூடும். எச்சரிக்கை விடப்பட்டது என்பது ஒரு செயப்பாட்டு வினை. அது எந்தத் தெருவில், எந்நேரத்தில், எவர் வாயால் சொல்லப்பட வேண்டும் என்பது முன்னரே வகுக்கப்பட்டிருந்தாலன்றி, 1837இன் வரைவு ஆற்றங்கரையில் நிறுத்திய அந்தச் சேவகர் நிற்க வேண்டிய இடம் வெற்றிடமாகவே இருக்கும். அவர் சொல்லாமைக்கு விடை கூறவும் எவரும் இருக்க மாட்டார்.